நாலு குரல் பாட்டு பாதியிலேயே சுருதி இறங்குகிறது: பழக்குகிறவர்கள் வழி சொல்லுங்கோ

பின்வரிசை கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் கூடிப் பாடும் குழு இது. மொத்தம் 28 பேர், பெண்கள் 19, ஆண்கள் 9. பாதிப் பேர் கோவில் பாடகர் குழாமில் பாடுகிறவர்கள். ஏழு பேர் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். மற்றவர்கள் பாட்டு ஆசையில் வந்தவர்கள். மார்கழி ஒளிவிழாவுக்கு மூன்று நத்தார்ப் பாட்டு (கரோல்) எடுத்திருக்கிறோம். அதில் இரண்டு சொப்ரானோ, அல்ரோ (பெண்களின் மேல்க் குரலும் கீழ்க் குரலும்), ரெனர், பேஸ் (ஆண்களின் மேல்க் குரலும் கீழ்க் குரலும்) என்று நாலு குரலில். இன்னும் 13 ஞாயிறு இருக்கிறது.

சிக்கல்கள் இவை. கீபோட்டை நிறுத்திவிட்டுப் பாடினால் நாலாம் சரணம் முடிய முன்னமே அரைச்சுரம் இறங்கிவிடுகிறது (பாட்டு 4 கட்டை, அதாவது சட்சமம் கீபோட்டின் F). ரெனருக்கு இரண்டே பேர். ஸ்ராவ் நொட்டேசன் (ஐந்து கோட்டில் எழுதும் மேல்நாட்டுச் சுரக்குறி) வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அல்ரோக்காரர் தனியே விட்டால் சரியாகப் பாடுகிறார்கள், எல்லாரையும் சேர்த்த உடனே சொப்ரானோவின் மெட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். கடைசியாக ரியூசன்: 4 மணிப் பயிற்சி 4.35க்குத்தான் தொடங்குகிறது.

இவ்வளவும் இருந்தும் ஒருவரும் நிற்பதாக இல்லை. அதனால்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

இரண்டரைக்கட்டை எழுதியது:

முதல் வேலை, அந்த 4 கட்டையை 4½ ஆக்குங்கள். இறங்குகிற பாட்டை இன்னும் ஏற்றுவதா என்று தோன்றும். 4 கட்டையில் பல மெட்டுகள் குரல் மார்பிலிருந்து தலைக்கு மாறும் இடத்திலேயே நெடுநேரம் நிற்கும். பாதிப் பேர் மாறுவார்கள், பாதிப் பேர் மாறாமல் இழுப்பார்கள், இழுக்கிறவர்களோடு சுருதியும் கீழே வரும். அரைச்சுரம் ஏற்றினால் மாறவேண்டியவர்கள் தயங்காமல் மாறிவிடுவார்கள். பேஸ்காரருக்கும் கீழ்ச் சட்சமம் சற்று உயர்வது உதவி. கீழே இறக்கிப் பார்க்க விரும்பினால் அடுத்தது 3 கட்டை. 3½ என்று ஒரு கட்டை கிடையாது.

பிறகு, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாலாம் சரணத்தில் கேட்கிறது என்பதற்காக அங்கேதான் இறங்கியது என்று நினைக்க வேண்டாம். முதல் சரணத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். வழக்கமான இடங்கள் மூன்று. ஒரே சுரம் ஐந்தாறு தரம் திரும்பி வரும் வரி. இறங்குவரிசை, அதில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெரிதாக இறங்குவார்கள், ஏறும்போது படியைச் சிறிதாக வைப்பார்கள். மூன்றாவது காந்தாரம். சுருதிப்பெட்டியில் ச-ப மட்டும் வைத்து ஒரு வரி பாடச் செய்யுங்கள். அடுத்த வரிக்குப் பெட்டியை நிறுத்துங்கள். வரி முடிவில் திறந்து பாருங்கள். இப்படி வரிவரியாகப் போனால் ஓட்டை எங்கே என்று 15 நிமிடத்தில் பிடிபடும். கீபோட்டில் மெட்டை வாசித்துக்கொண்டே பழக்கினால் ஒருநாளும் பிடிபடாது, ஏனென்றால் அவர்கள் கீபோட்டைத்தான் கேட்கிறார்கள், பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதில்லை.

காந்தாரம் பற்றி ஒன்று. சுருதிப்பெட்டியோடு சுத்தமாகச் சேரும் அந்தரகாந்தாரம் சட்சமத்திலிருந்து 386 சென்ற். கீபோட்டில் அது 400. (ஒரு அரைச்சுரம் 100 சென்ற்.) வாத்தியம் இல்லாமல் நிற்கும் இடத்தில் 386க்கு வருவது பிழை அல்ல, அங்கேதான் சேர்க்கை இனிக்கும். கீபோட்டோடு பாடும் பாட்டில் மட்டும் கீபோட்டின் காந்தாரத்துக்குப் போக வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் காது நல்ல ஆட்கள்தான் முதலில் குழம்புவார்கள்.

குரல் பிரிப்பு. சங்கீதம் படித்த பெண்கள் 5, 5½ கட்டையில் பழகியவர்கள், மேல் பஞ்சமத்தோடு நிற்பார்கள். 4½ கட்டைக் கரோலின் மேல்ச் சட்சமம் 5½ கட்டைக்காரருக்கு மேல் நிஷாதம். அதை மார்புக் குரலில் எட்டப் பார்த்தால் கத்தலாகத்தான் வரும். "ஊ" என்று மேலிருந்து கீழே மெல்ல வழுக்கி வரும் பயிற்சியை ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் செய்யுங்கள். கீழிருந்து மேலே போகக் கூடாது, மேலே மெல்லிசாகத் தொடங்கிக் கீழே வர வேண்டும்.

ரெனர் இரண்டு பேர் என்கிறீர்கள். ஒன்பது ஆண்களையும் 1½ கட்டையில் வைத்து, மேல் மத்திமத்தைத் தொண்டை இறுகாமல் தொடுகிறவர் யார் என்று பாருங்கள். சங்கீதம் படித்த ஆண்கள் மேல் பஞ்சமம் வரை போய்ப் பழகியவர்கள், அங்கே ஒளிந்திருக்கும் ரெனர்கள் உண்டு. நாலு பேர் கிடைத்தால் ஐந்து பேர் பேஸ். பெண்களில் 10 சொப்ரானோ, 7 அல்ரோ, மிகத் தாழ்ந்த குரல் உள்ள இரண்டு பேரை ரெனருக்குக் கொடுங்கள். ரெனரின் அடிச்சுரங்களை அவர்கள் விட்டுவிடலாம், நடுவிலும் மேலும் உதவினால் போதும். அப்படியும் ஆள் காணாவிட்டால் வெட்கப்படாமல் மூன்று குரலுக்கு மாற்றுங்கள். இரண்டு பேர் நெஞ்சு வெடிக்கக் கத்தும் ரெனரைவிட அது நல்லது.

நொட்டேசனைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. சொல்லுக்கு மேலே ச ரி க ம எழுதிக் கொடுங்கள், மேல்ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ்ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. கரோல்களில் மிகப் பல சங்கராபரணச் சுரத்தில்தான் நிற்கும். ஒரு எச்சரிக்கை: சரளிவரிசையை மாயாமாளவகௌளையில் பழகியவர்களுக்கு ரி, த என்று எழுத்தைக் கண்டால் குரல் தானாக ஒரு அரைச்சுரம் தாழ்ந்த ரிக்கும் தவுக்கும் போகும். முதல் நாளே சங்கராபரண ஆரோகண அவரோகணத்தைப் பத்துத் தரம் பாடிவிட்டுத் தொடங்குங்கள். நடுக்குரல்களில் கமகம் (சுரத்தை அசைப்பது) வேண்டவே வேண்டாம், நேர்ச்சுரம். அல்ரோவில் ஒருவர் நிஷாதத்தை அசைத்தால் நாலு குரலும் கலங்கும்.

குற்றியலுகரம் எழுதியது:

சுருதியைப் பற்றி மேலை நல்லாச் சொல்லியாச்சு. நான் சொல்லைப் பற்றிச் சொல்லுறன். கேக்கிற சனத்துக்கு அரைச்சுரம் இறங்கினது தெரியாமல் போகலாம், சொல் விளங்காட்டில் உடனை தெரியும்.

இங்கிலிசு மெட்டுக்குத் தமிழ் வரி ஏத்தேக்கை மெட்டு நீளுற இடத்திலை குறில் வந்து மாட்டும். "மனம்" "மானம்" ஆகும், "விடு" "வீடு" ஆகும், "படு" "பாடு" ஆகும். பழக்க முன்னமே வரியை வாசிச்சு, நீட்டுச் சுரத்திலை நிக்கிற குறிலையெல்லாம் வட்டம் போடுங்கோ. ரெண்டு வழி இருக்கு. அடுத்த எழுத்தை அந்தச் சுரத்துக்கை முன்னுக்கு இழுக்கலாம், இல்லாட்டில் சுரத்தைக் குறைச்சு மிச்சத்தை மௌனமா விடலாம். எதைச் செய்தாலும் நாலு குரலுக்கும் ஒண்டாச் செய்யவேணும்.

அடுத்தது என்ரை பேர்தான். "கேட்டு", "வந்து", "பாட்டு" எண்டு முடியிற சொல்லை நீட்டினால் ஒருதர் "கேட்டூ" எண்டுவார், மற்றவர் "கேட்டெ" எண்டுவார். உதட்டை அரைவாசி குவிச்சு, சுருக்கா விட்டிட்டு, நிப்பாட்டுங்கோ. அந்த உகரத்தை நீட்ட விடாதேங்கோ.

கடைசி ஒற்று: "ம்", "ன்" எண்டால் மூக்காலை ஓடும். நாலு எண்ணிக்கைச் சுரத்திலை மூண்டு எண்ணிக்கை உயிரைப் பிடிச்சு, நாலிலை எல்லாரும் ஒண்டா வாயை மூடலாம், நல்ல முழக்கமா இருக்கும். "ர்", "ள்", "ழ்" அப்பிடி நிக்காது. அதுகளைச் சுரம் முடியிற கணத்திலை மட்டும் வையுங்கோ. "ச" எண்டு தொடங்கிற வரி இன்னும் மோசம். 28 பேரும் ஆளுக்கொரு நேரம் தொடங்கினால் சைக்கிள் ரியூப்பாலை காத்துப் போற சத்தம்தான். மெய் தாளத்துக்கு ஒரு துளி முன்னாலை, உயிர் தாளத்திலை விழவேணும்.

இன்னொண்டு, எங்கடை ஊருக்கே உரியது. "வெற்றி", "காற்று" எண்டதை நாங்கள் சொல்லுறது ஒரு மாதிரி, இந்தியப் பாட்டுப் பதிவைக் கேட்டுப் பழகின ஆக்கள் "ற்ற" வை ட்-ற மாதிரி இழுப்பினம். எது சரி எண்டு சண்டை பிடிக்காமல் ஒண்டைத் தெரிவுசெய்யுங்கோ. என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்து வாய்க்கு யாழ்ப்பாணத்து "ற்ற".

பின்வரிசை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. குறிலுக்கு வட்டம் போடுவது எங்கள் மூன்று பாட்டிலும் வேண்டியதுதான். அல்ரோக்காரர் ஓடுகிற பிரச்சினைக்கும், 13 ஞாயிறை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் யாராவது சொல்வீர்களா?

பிளேன்ரீ எழுதியது:

அல்ரோ ஓடுவதற்குக் காரணம் பழக்கும் வரிசை. மெட்டை எல்லாருக்கும் முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு மற்றக் குரல் ஏறாது. பேஸிலிருந்து தொடங்குங்கள். பேஸ் ஒரு வரி நின்றதும் அல்ரோவைச் சேருங்கள், பிறகு ரெனர், கடைசியில் சொப்ரானோ. சொப்ரானோக்காரர் அதுவரை சும்மா இருந்தால் கதைக்கத் தொடங்குவார்கள், அவர்களுக்குப் பேஸ் வரியையே வாய்மூடி முனகக் கொடுங்கள். பிறகு அல்ரோ மட்டும் சொல்லோடு, மற்ற மூன்று குரலும் "ம்" என்று மெதுவாக. இதை இடம் மாற்றி மாற்றிச் செய்தால் தங்கள் வரி மற்றதோடு எங்கே உரசுகிறது என்று காதுக்குத் தெரியவரும்.

வீட்டுக்கு வட்ஸ்அப்பில் குரலுக்கு ஒரு பதிவு, பாட்டுக்கு நாலு. தொடக்கத்தில் சட்சமம், பிறகு இரண்டு ஆவர்த்தன எண்ணிக்கை, பிறகு அந்தக் குரல் மட்டும். நாலு குரலும் சேர்ந்த பதிவை அனுப்பினால் எல்லாரும் சொப்ரானோவைத்தான் பழகி வருவார்கள். பதிவின் பெயரில் பாட்டு, குரல், சரணம் மூன்றும் இருக்கட்டும்.

13 ஞாயிறில் முதல் ஆறும் சுரமும் சொல்லும். அடுத்த மூன்றில் தாளைக் கீழே வைத்துப் பாடுவது. பத்தாவதில் நிற்கும் ஒழுங்கும் உள்ளே வருவதும் போவதும். கடைசி மூன்றும் மழைக்கும் பரீட்சைக்கும் என்று கணக்கில் எழுதிவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு சீற்றுக் கூரையில் மழை கொட்டினால் பத்தடி தள்ளி நிற்கிறவரின் குரலே கேட்காது. அந்த நாளுக்கு வேலை வேண்டும்: தாளம் தட்டிச் சொல்லை மட்டும் சொல்லுதல், மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளில் குறித்தல். கரண்டும் போகும். தட்டினால் 440 ஹேர்ட்ஸ் (6 கட்டை, A) ஒலிக்கும் ஒரு இசைக்கவை பொக்கற்றில் இருந்தால் கீபோட் இல்லாமலும் தொடங்கலாம். பழைய ஆர்மோனியத்தைக் கீபோட்டோடு சேர்க்க வேண்டாம், பலதும் அந்த 440 சுருதியில் நிற்பதில்லை.

நேரம்: 4 மணி என்று சொல்லி 4.35க்குத் தொடங்குவதைவிட 4.30 என்று சொல்லி 4.30க்குத் தொடங்குங்கள். முதல் 10 நிமிடம் குரல் இளக்கல், அதில் பிந்தி வந்தவருக்குப் பாட்டு நட்டமில்லை. பிறகு 35 நிமிடம் குரல் வாரியாக (பெண்கள் உள்ளே, ஆண்கள் விறாந்தையில்), 10 நிமிடம் தேநீர், 35 நிமிடம் எல்லாரும். 6 மணிக்கு முடிந்துவிட வேண்டும். சேர்ந்து பாடும் நேரத்தில் பாட்டை எப்போதும் முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசிச் சரணத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இல்லாவிட்டால் முதல் சரணம் தேனாகவும் கடைசிச் சரணம் தவிடாகவும் நிற்கும்.

தேநீரில் பால் வேண்டாம், தொண்டையில் சளி ஒட்டினது போல இருக்கும். இஞ்சிப் பிளேன்ரீ. வடை, ரோல்ஸ் எல்லாம் 6 மணிக்குப் பிறகு.

ஒரு விளையாட்டும் சொல்கிறேன், நாலாம் வாரமே செய்யுங்கள். பேஸ் சட்சமம், ரெனர் பஞ்சமம், அல்ரோ காந்தாரம், சொப்ரானோ மேல்ச் சட்சமம், எல்லாரும் "ஆ". மெதுவாக, நடுக்கம் இல்லாமல் பிடிக்கட்டும். ச-க-ப மூன்றின் அதிர்வும் 4:5:6 கணக்கில் சரியாக விழுந்த கணத்தில் ஒருவரும் பாடாத ஒரு சுரம் கூரைப்பக்கமாகக் கேட்கும். எல்லாக் குரலின் மேலொலிகளும் ஒன்றில் ஒன்று விழுவதால் வருவது அது. பாட ஆசையில் வந்தவர்களுக்கு அதை ஒருதரம் கேட்கக் கொடுத்தால் அடுத்த ஞாயிறு நேரத்துக்கு வருவார்கள், ஆள் விட்டுக் கூப்பிடத் தேவையில்லை.

குற்றியலுகரம் எழுதியது:

பிளேன்ரீ சொன்னதிலை ஒண்டு மட்டும் எனக்கு ஒப்பில்லை. ஆம்பிளையளை விறாந்தைக்கு அனுப்பினால் அங்கை பழக்க ஒருதர் வேணும். ஆள் இல்லாட்டில் அந்த 35 நிமிசமும் கிரிக்கெற் கதைதான். நொட்டேசன் தெரிஞ்ச மூண்டு பேரிலை ஒராளை அவையோடை விடுங்கோ.

இரண்டரைக்கட்டை எழுதியது:

அதுவும் சரிதான். இன்னொன்று மறந்துவிட்டேன். 4½ஐ வாசிக்கக் கீபோட்காரர் தயங்கினால் 4 கட்டையிலேயே வாசித்து ட்ரான்ஸ்போஸை (கீபோட்டில் சுருதி மாற்றும் பொத்தான்) +1 வைக்கலாம். அந்தப் பாட்டு முடிந்த கையோடு 0க்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், கீபோட்காரரை நம்ப வேண்டாம்.