யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி:
பார்சிலோனா, பாரிஸ், சூரிச், மியூனிக், வியன்னா என்ற வரிசையில், மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் ஜூன் மாதம் ரயிலில் செல்ல எண்ணியுள்ளேன். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் பயணிக்க உதவும் யூரெயில் பாஸ் சிக்கனமா, தனித்தனி டிக்கெட்டுகளா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்:
பாஸ் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி (TGV) எனப்படும் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. பார்சிலோனா–பாரிஸ் ரயிலில் பாஸ் வைத்திருப்போருக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், தேதி உறுதியாக இருந்தால் அந்தப் பயணத்துக்கு டிக்கெட்டையே முன்கூட்டி வாங்கிவிடுங்கள். பாரிஸ்–சூரிச் பயணத்துக்கும் இதுவே என் பரிந்துரை.

பதில்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பகல் ரயில்கள் பெரும்பாலானவற்றில் முன்பதிவின்றி ஏறலாம் என்பதால், மியூனிக்–வியன்னா வழியில் உள்ள சால்ஸ்பர்க்கில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க விரும்புவோருக்கு பாஸ் மிகவும் வசதியானது. முன்கூட்டி வாங்கும் மலிவான டிக்கெட்டோ குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். 4 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு, பெரியவரின் பாஸுடன் இலவச பாஸ் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தேதிகள் உறுதியாகிவிட்டதால் முதல் இரண்டு பயணங்களுக்கும் இன்றே டிக்கெட் பார்க்கிறேன்.