முகப்பருவுக்கு மருந்து பூசி ஒளி பாய்ச்சுவது: கலைச்சொல் தேவை

ச. எழுதியது:
நண்பர்களே, தோல் பிரிவு ஒன்றின் நோயாளர் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஃபோட்டோடைனமிக் தெரபி என்ற இடத்தில் நிற்கிறேன். முகத்தில் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைப் பூசிக் காத்திருப்பார்கள். எண்ணெய்ச் சுரப்பிகளில் அது புரோட்டோபார்ஃபிரின் என்ற, ஒளியை உறிஞ்சும் பொருளாக மாறும். அதன்மேல் சிவப்பு அல்லது நீல ஒளி பட்டதும் வீரியமான ஆக்சிஜன் உண்டாகி, சுரப்பியையும் பருக்கிருமியையும் தாக்கும். 'ஒளியியக்கச் சிகிச்சை' சரியா?

மரு. இரா.:
வேண்டாம். கதிரியக்கம் போலவே காதில் விழுகிறது. 'புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பார்களே, அதுவா டாக்டர்?' என்று பயந்துவிடுவார்கள். வெறும் 'ஒளிச் சிகிச்சை'யும் போதாது. மஞ்சள் காமாலை வந்த குழந்தைக்கும் அதே பெயர்தான். மருந்தே பூசாமல் நீல ஒளி மட்டும் காட்டும் முறையும் பருவுக்கு உண்டு. கிருமி தானே உண்டாக்கும் அதே வகைப் பொருளான பார்ஃபிரின் அங்கே வேலை செய்கிறது. மருந்து பூசியவர்களோ சுமார் 48 மணி நேரம் வெயிலில் போகக் கூடாது. பெயரிலேயே மருந்து இருந்தால் அது நினைவில் நிற்கும்.

புலவர் ந.:
மருத்துவர் ஐயா சொல்வது சரி. ஆனால் சிகிச்சை வடசொல்; பண்டுவம் இருக்கிறதே! அதுவும் வேண்டாமென்றால் குறள் 950ஐப் பாருங்கள்: 'அப்பால்நாற் கூற்றே மருந்து'. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் நால்வகையும் சேர்ந்ததை வள்ளுவர் 'மருந்து' என்றே சொல்லிவிட்டார். ஆகவே 'ஒளிமருந்து' போதும். இந்த அறிவும் நமக்குப் புதிதன்று. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி என்ற மூலிகை விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

மரு. இரா.:
கார்போகரிசியில் இருப்பது சோரலென் என்ற வேறு பொருள், ஐயா. புற ஊதா ஒளி பட்டால் அது மரபணு இழையோடு பிணையும். இங்கே நடப்பது ஆக்சிஜன் வழி. இந்த ஆக்சிஜன் வழி முறைக்கு முன்னோடி ஜெர்மனியின் மியூனிக்கில் ஆய்வு செய்த ஆஸ்கார் ராப். அக்ரிடின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் ஒற்றைச்செல் உயிர்கள் ஒளி பட்டதும் சாவதை 1900இல் வெளியிட்டார். 'ஒளிமருந்து' என்றால் நோயாளி கடையில் போய்க் கேட்பார்.

த. (பள்ளி ஆசிரியை):
'மருந்தொளிச் சிகிச்சை'? மருந்தும் ஒளியும், உம்மைத்தொகை. புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது.

புலவர் ந.:
அம்மா, 'மருந்தை ஒளித்துவை' என்றும் பிரிக்க இடமிருக்கிறதே. ஒளிக்கு மறைத்தல் பொருளும் உண்டு.

ச.:
அப்படியானால் சேர்க்காமல் 'மருந்து-ஒளி சிகிச்சை' என்று போடுகிறேன். நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை ஃபோட்டோடைனமிக் தெரபி என்றும் தருவேன்.

புலவர் ந.:
சிறுகோடு போட்டால் தொகை ஆகிவிடாது. 'பண்டுவம்' கேட்டவனாக என் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.