ஏடன், யேமன் 1962–67: லண்டன் நாசரோடு நடத்திய நிழல் யுத்தத்தின் கணக்கு வழக்கு

உவர்மலை வாசகி:

வணக்கம். வாற மாசம் எங்கட வாசகர் வட்டத்தில யேமன் உள்நாட்டுப் போரை எடுத்திருக்கிறம். தொடக்கத்தை எங்கட துறைமுகத்தில இருந்தே வைக்கலாம் எண்டு யோசனை. 1956 இல் சூயஸில் பிரித்தானியாவுக்கு முகத்தில் கரி. அடுத்த வருசம் ஒக்டோபர் 15, பண்டாரநாயக்க அரசு திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பொறுப்பெடுக்குது. நவம்பர் 1 கட்டுநாயக்கா. அதுக்குப் பிறகு மேற்கு இந்து சமுத்திரத்தில லண்டன் இறுக்கிப் பிடிச்சிருந்த இடம் ஏடன். ஐந்து வருசத்தில, சூயஸில் எதிரில நிண்ட அதே எகிப்து ஜனாதிபதி நாசர் ஏடனுக்கு வடக்கால யேமனில் வந்து நிக்கிறார்.

எனக்கு விளங்காதது நடைமுறைதான். பிரித்தானியா யேமனில் போர் செய்யவில்லை எண்டுதான் பாராளுமன்றத்தில சொல்லிக்கொண்டிருந்தது. அப்ப காசு ஆருடையது, ஆயுதம் எந்த வழியால போனது? பத்தாயிரக்கணக்கில் படை இறக்கின எகிப்தால ஏன் முடிக்க ஏலாமல் போனது? தமிழில கிடைக்கிறதெல்லாம் "சவூதி ஒரு பக்கம், எகிப்து மறுபக்கம்" எண்ட ஒரு வரியோட முடிஞ்சு போகுது.

கொட்டியாரம்:

முதலில் திகதிகளைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். யேமனை ஆண்ட இமாம் அஹ்மத் இறந்து ஒரு வாரம்தான். மகன் முஹம்மத் அல்-பத்ர் பதவிக்கு வந்த கையோடு, 1962 செப்டெம்பர் 26 இரவு சனாவில் அப்துல்லா அல்-சல்லால் தலைமையில் இராணுவம் புரட்சி செய்தது. அரண்மனையைச் சுட்டுத் தகர்த்தார்கள், இமாம் செத்துவிட்டார் என்று வானொலியில் அறிவித்தார்கள். அவர் தப்பி வடக்கு மலைக்குப் போய்விட்டார். அவருடைய உயிர்தான் பிறகு வந்த எட்டு வருடப் போருக்கும் மூலதனம்.

எகிப்து சில நாட்களிலேயே ஆட்களை இறக்கியது. அமெரிக்கா டிசம்பர் 19 இல் குடியரசை அங்கீகரித்தது; பிரித்தானியா அங்கீகரிக்கவில்லை. இந்த ஒரு முடிவுக்குள்தான் மற்ற எல்லாம் அடங்குகிறது. அங்கீகரிக்காத அரசுக்கு எதிராக ஆயுதம் போனால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது குறைவு.

இமாம் பக்கத்துக்கு விநியோக வழி இரண்டு. பெரியது சவூதிப் பக்கம்: நஜ்ரான், ஜிசான் ஆகிய இரண்டு எல்லை நகரங்களிலிருந்து லொறியிலும் பிறகு ஒட்டகத்திலும். எகிப்திய விமானங்கள் அந்த இரண்டு ஊரையும் குண்டு போட்டது சும்மா இல்லை. சிறியது, ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கியமானது, தெற்கே பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த பெய்ஹான். அங்கே ஆண்ட ஷரீஃப் ஹுசைன் தன் எல்லைக்குள் என்ன போகிறது என்று கண்டும் காணாமல் இருந்தவரில்லை, கூடவே நின்று அனுப்பியவர். பெய்ஹானிலிருந்து இரவுப் பயணமாக கவ்லான் மலைக்கு ஏறினால் சனாவின் கிழக்கு வாசலுக்கே வந்துவிடலாம். 1963 நடுப்பகுதியில் எஸ்ஏஎஸ் என்ற பிரித்தானியச் சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரி ஜொனி கூப்பரின் சிறு குழு போனது இந்த வழியால்தான்.

ஐநா கண்காணிப்புக் குழு 1963 ஜூலை முதல் 1964 செப்டெம்பர் வரை இருந்தது. அதன் ஆணை சவூதி எல்லையைப் பார்ப்பது. பெய்ஹான் எல்லை அதற்குள் வரவே இல்லை. மொத்தம் ஏறக்குறைய 200 பேர். ஒட்டகங்களோ இரவில் நடந்தன. முன்கதவுக்குக் காவல் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்ட கண்காணிப்பு.

காசைப் பற்றி: கூலிப்படையினரின் சம்பளத்தில் பெரும்பங்கு சவூதியின் காசு. லண்டன் கொடுத்தது ஆள், தொடர்பு, கண்சிமிட்டல். பதவியில் இருந்த அமைச்சர் ஜூலியன் அமெரி, பாராளுமன்ற உறுப்பினர் பில்லி மக்லீன், எஸ்ஏஎஸ்ஸை உருவாக்கிய டேவிட் ஸ்டேர்லிங், ஜிம் ஜோன்சன் என்று ஒரு நட்பு வட்டம். அரசாங்கக் கோப்பில் கையெழுத்து இல்லாத ஏற்பாடு. பிரெஞ்சுக் கூலிப்படையினரும் சேர்ந்தார்கள், பொப் தெனார் உட்பட. எந்த நேரத்திலும் களத்தில் நின்ற வெள்ளைக்காரர் சில பத்துப் பேருக்கு மேல் இல்லை. அவர்கள் போய்ச் சண்டை பிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வானொலித் தொடர்பு, கண்ணிவெடி, மோட்டார் பயிற்சி, மருத்துவம்: வேலை அதுதான். வானொலி இல்லாவிட்டால் ஒரு மலையில் இருக்கும் இளவரசருக்கு அடுத்த மலையில் என்ன நடக்கிறது என்று தெரிய நாட்கணக்கு ஆகும்.

மட்டிக்களி:

கொட்டியாரம் அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். இஸ்ரேலை விட்டிட்டார். 1964 மார்ச் கடைசியில தொடங்கி 1966 வரைக்கும் 14 தடவை இஸ்ரேலிய விமானப்படையின்ர ஸ்ட்ரட்டோகுரூசர் விமானம் செங்கடல் வழியாப் பறந்து இரவில பரசூட்டில ஆயுதம் போட்டது. கீழ நிண்டு இடம் காட்டினது கூப்பரின்ர ஆக்கள். ஆயுதத்தில நாட்டின்ர அடையாளம் ஒண்டும் இருக்கக் கூடாது, ஏனெண்டால் வாங்கின மலைவாசிக்கு அனுப்பினது ஆரெண்டு தெரிஞ்சால் அண்டைக்கே இமாமின்ர கதை முடிஞ்சுது.

அடுத்தது காசின்ர பாரம். இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. யேமன் மலையில அப்ப கடதாசிக் காசுக்கு மதிப்பில்லை. மரியா தெரேசா வெள்ளி நாணயம்தான் செல்லும், 1780 எண்டு திகதி அடிச்சது, எந்த வருசம் வார்த்தாலும் அதே திகதி. ஒண்டு 28 கிராம். ஆயிரம் நாணயம் 28 கிலோ. ஐயாயிரம் எண்டால் 140 கிலோ, மலைப்பாதையில ஒரு ஒட்டகத்தின்ர முழுச்சுமை. கோத்திரத் தலைவர் ஒருத்தருக்கு மாசப்படி கொடுக்கவே ஒட்டக வரிசை வேணும், அந்த வரிசைக்குக் காவல் வேணும், காவலுக்கும் வெள்ளிதான் கூலி. தங்கச் சவரின் எண்டால் 8 கிராம், ஐயாயிரம் 40 கிலோவோட முடியும். அதால தூரத்துக்குத் தங்கம், ஊருக்குள்ள பிரிச்சுக் கொடுக்க வெள்ளி.

இதில என்ன பிழைச்சது எண்டால், கொடுக்கிறவன் வெல்லக் கொடுக்கிறான், வாங்கிறவன் சண்டை முடியாமல் இருக்கிற வரைக்கும்தான் வாங்கலாம். எகிப்தும் அதே தலைவர்களுக்குக் கொடுத்தது. பகலில் குடியரசு, இரவில் இமாம் எண்டு அங்க வழக்கமாவே பேசினவை. 303 றைபிள் ஒண்டு கிடைச்சால் அது அவன்ர வீட்டுச் சொத்து. போர்முனைக்கு அவன் போகாட்டியும் துவக்கு திரும்பி வராது.

எகிப்து ஏன் முடிக்கேலாமல் போனது எண்ட கேள்விக்கு: வரைபடம் பார்த்தாலே விளங்கும். ஹுதைதா துறைமுகத்தில இறங்கி, சீனர் போட்டுக் கொடுத்த ஒரே பெருந்தெருவால 2,200 மீற்றர் உயரத்தில இருக்கிற சனாவுக்கு ஏற வேணும். அதுக்கு அங்கால தெருவே இல்லை, வாதி எண்ட வறண்ட ஆத்துப்படுக்கைதான் பாதை. லொறிகள் வேற வழியில்லாமல் ஒரே தடத்தில போகும். ஒரு கண்ணிவெடி முதல் லொறியை நிறுத்தினால் பின்னால வாற வரிசை முழுக்க நிக்கும், மேல ரெண்டு பக்கமும் பாறை. 1965 ஏப்ரலில் வாதி ஹுமைதாத்தில இமாம் பக்கம் அப்பிடி வழியை வெட்டினது. கிழக்கில ஜௌஃப் பக்கம் இருந்த எகிப்திய முகாம்களுக்கு அதோட சாப்பாடும் தண்ணியும் வானத்தால போட வேண்டி வந்தது. 70,000 பேர் எண்டு கணக்கு பெரிசாத் தெரியும். அதில பெரும்பகுதி தெருவையும் விமான நிலையத்தையும் காக்கவே போட்டுது. கையில டி-34 தாங்கியும் இலியூஷின் குண்டுவீச்சு விமானமும் இருந்தும், குகைக்குள்ள இருக்கிறவனை வானத்திலிருந்து எடுக்க ஏலாது. அதுக்குத்தான் பிறகு நச்சுவாயுவுக்குப் போனாங்கள். 1967 ஜனவரி 5 கிதாஃப் கிராமம்.

உவர்மலை வாசகி:

மிச்சம் நன்றி. அப்ப பிரித்தானியாவின்ர கணக்கில இது வெற்றிதானே? சில பத்துப் பேரையும் ஆற்றையோ காசையும் வச்சு எகிப்தின்ர படையைக் கட்டிப் போட்டிருக்கிறாங்கள். 1967 ஜூனில நாசர் தோத்ததுக்கும் இதுதான் காரணம் எண்டு வாசிச்சிருக்கிறன்.

சீனக்குடா:

இல்லை சகோதரி, வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். வடக்கை மட்டும் பார்த்தால்தான் அப்படித் தெரியும். லண்டன் அங்கே செய்ததையே நாசர் தெற்கில் திருப்பிச் செய்தார், அதுவும் மலிவாக.

ரத்ஃபான் மலையைப் பாருங்கள். ஏடனிலிருந்து தாலாவுக்குப் போகும் தெரு அதன் அடிவாரத்தால் போகிறது. அந்தக் கோத்திரங்கள் காலம் காலமாக வழிப்பணம் வாங்கிச் சீவித்தவர்கள். பிரித்தானியா உருவாக்கிய தென்னரேபியக் கூட்டமைப்பு சுங்கத்தை ஒன்றாக்கி அந்த வழிப்பணத்தை நிறுத்தியது. பதிலுக்கு வேறு வருமானம் எதுவும் கொடுக்கவில்லை. எகிப்து உளவுத்துறைக்கு இதைவிட என்ன வேண்டும்? யேமன் பக்கத்துத் தாயிஸ் நகரம் எல்லைக்குக் கிட்ட. அங்கே பயிற்சி, துவக்கு, சம்பளம். 1963 ஒக்டோபர் 14 ரத்ஃபானில் எழுச்சி, தேசிய விடுதலை முன்னணியின் பெயரில். டிசம்பர் 10 ஏடன் விமான நிலையத்தில் உயர் ஆணையாளர் ட்ரெவஸ்கிஸ் மீது கைக்குண்டு, அவசரகாலச் சட்டம். கொத்தனுக்கும் கடைக்காரனுக்கும் கையடக்க வானொலி வந்த காலம் அது. கெய்ரோவின் 'அரபுகளின் குரல்' ஒலிபரப்பு செய்த வேலையை எந்த ஒட்டகமும் செய்திருக்காது.

பிரித்தானியா வெளிப்படையாகத் திருப்பி அடித்ததும் சறுக்கியது. 1964 மார்ச் 28 இல் எட்டு ஹண்டர் விமானங்கள் எல்லைக்கு அப்பால் ஹரீப் கோட்டையை அடித்தன. ஏப்ரல் 9 பாதுகாப்புச் சபை 188 ஆம் தீர்மானத்தில் அதற்கு வருத்தம் தெரிவித்தது. 9 வாக்கு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, அமெரிக்காவும் பிரித்தானியாவும் வாக்களிக்காமல் இருந்தன. அதே மாதம் நாசர் யேமனுக்கே வந்து ஏடனை விட்டுப் பிரித்தானியரை விரட்டுவோம் என்று பேசினார். அதன் பிறகு லண்டன் இன்னும் மறைவுக்குள் போனது. எல்லையைத் தாண்டி 20 மைல் வரை கோத்திரங்களுக்குக் காசும் துவக்கும் கொடுக்கும் 'ரன்கர்' என்ற நடவடிக்கை அந்தக் காலத்தது.

ஆனால் எல்லாவற்றையும் கவிழ்த்தது துவக்கு இல்லை, ஒரு அறிக்கை. 1966 பெப்ரவரியில் வில்சன் அரசின் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை, 1968 க்குள் ஏடன் தளத்தை விட்டுப் போவோம், பிறகு பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை என்றது. அதுவரை நாசர் பின்வாங்கும் மனநிலையில் இருந்தார். 1965 ஓகஸ்ட்டில் ஜித்தாவில் சவூதி மன்னர் பைசலோடு உடன்படிக்கையும் செய்திருந்தார். திகதியைக் கேட்டதும் 'நீண்ட மூச்சு' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எதிரி போகும் நாளைத் தானே சொல்லிவிட்டால் காத்திருப்பவனுக்கு என்ன செலவு? பிரித்தானியாவை நம்பி நின்ற கூட்டமைப்பு ஆட்சியாளர்களின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய சொந்தப் படைவீரனே அடுத்த எசமான் யார் என்று தேடத் தொடங்கினான். 1967 ஜூன் 20 ஏடனின் கிரேட்டர் பகுதியில் நடந்த கலகம் அதன் விளைவு.

நாசருக்கும் இலாபம் இல்லை. தேசிய விடுதலை முன்னணியை 1966 ஜனவரியில் வேறோர் அமைப்போடு வலிந்து சேர்த்து 'புளொசி' (FLOSY) என்ற ஒரே அமைப்பாக்கினார். முன்னணி அந்த வருடக் கடைசியில் பிரிந்து போனது. எகிப்து காசை நிறுத்தியது. அவர்கள் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள். 1967 நவம்பர் 30 இல் பிரித்தானியர் கப்பல் ஏறியபோது ஏடனைப் பொறுப்பெடுத்தது லண்டனின் ஆட்களும் இல்லை, கெய்ரோவின் ஆட்களும் இல்லை.

கொட்டியாரம்:

சீனக்குடா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு இடம் தவிர. ஜித்தா உடன்படிக்கை அந்த அறிக்கைக்கு முன்னமே படுத்துவிட்டது. 1965 நவம்பரில் ஹரத் மாநாடு கூடி, நாட்டின் பெயர் என்ன என்பதிலேயே முட்டிக்கொண்டு கலைந்தது. அறிக்கை நாசருக்குக் காரணம் கொடுத்தது, மனம் மாற்றியது அது மட்டும் இல்லை.

1967 ஜூன் பற்றி: அதை அப்படியே எழுத வேண்டாம். ஜூன் 5 காலை எகிப்திய விமானப்படை தரையிலேயே அழிந்தது. யேமனில் நின்ற படைப்பிரிவுகள் சினாயில் நின்றிருந்தாலும் வானம் இல்லாத படைதான். யேமன் கடித்தது எகிப்தின் திறைசேரியை. சூயஸ் கால்வாய் மூடியதும் வருமானம் போனது. ஓகஸ்ட் கடைசியில் கார்ட்டூம் அரபு உச்சி மாநாட்டில் சவூதி, குவைத், லிபியா உதவிப் பணம் தருவதாகச் சொன்னபோது நாசர் யேமனை விட்டார். வருடம் முடியமுன் எகிப்தியப் படை போய்விட்டது. அதோடு இமாம் பக்கமும் வென்றிருக்க வேண்டும் அல்லவா? சனாவை 70 நாள் முற்றுகையிட்டும் 1968 பெப்ரவரியில் கைவிட்டார்கள். எகிப்தியன் போனதும் சவூதிக்கும் காசு கொடுக்கக் காரணம் குறைந்தது. மட்டிக்களி சொன்ன வெள்ளிக் கணக்கு அங்கே தெரிந்தது. 1970 இல் சவூதி குடியரசையே அங்கீகரித்தது.

உறுதியாக இலாபம் பார்த்தது ஆயுத வியாபாரம்தான். 1965 டிசம்பரில் சவூதிக்கு லைட்னிங் போர் விமானங்கள் விற்க பிரித்தானியா இணக்கம் செய்தது, எகிப்தியக் குண்டுவீச்சைக் காட்டித்தான்.

லிங்கநகர்:

தொடக்கத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு, தங்கச்சி. திருகோணமலையை விட்டதும் எல்லாம் ஏடனுக்குப் போனது என்று சொன்னால் கேள்வி வரும். கட்டுநாயக்காவில் விமானங்கள் இறங்கி எரிபொருள் எடுத்த வேலை மாலைதீவின் கன் தீவுக்குப் போனது. 1957 இலேயே வேலை தொடங்கிவிட்டார்கள். கிழக்கில் கடற்படைக்குச் சிங்கப்பூர் இருந்தது. ஏடனில் இருந்தது 1954 இல் திறந்த பிபி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், பாரசீக வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் வசதியும். படம் போட்டுக் காட்டுவதென்றால் ஏடன், கன், சிங்கப்பூர் மூன்றையும் கோடிட்டுக் காட்டுங்கள். 1956 இல் எரிபொருள் எடுக்க வந்த கப்பல்கள் சூயஸுக்குப் போகிறதா என்று கொழும்பில் எழுந்த எதிர்ப்பையும் சேர்த்தால் இங்கத்தை ஆக்களுக்குக் கதை பிடிபடும்.