புறக்காற்றுத் தூம்பு: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

எஞ்சினுக்கு வெளிக்காற்றைக் கொண்டுசெல்ல, கார் வாங்கிய பின் தனியாகப் பொருத்திக்கொள்ளும் 'கோல்டு ஏர் இன்டேக்' என்ற குழாய் உறுப்புக்குக் 'குளிர்காற்று உறிஞ்சி' என்ற சொல்லைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அதன் இரு பாதிகளுமே பொருளைத் தவறாகக் காட்டுவதாக எனக்குப் படுகிறது.

இவ்வுறுப்பு எதையும் குளிர்விப்பதில்லை. எஞ்சின் அறையில் சூடேறிய காற்றைத் தவிர்த்து, வெளிக்காற்றை உள்ள வெப்பநிலையிலேயே கொண்டுவந்து சேர்க்கிறது. 60 பாகை செல்சியசில் உள்ள காற்று, 30 பாகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது; ஆக்சிஜன் அந்த அளவு குறைவதால் எரிக்கத்தக்க பெட்ரோலும் குறையும். விற்பவர்கள் காட்டும் கணக்கு இதுதான், கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் ஆலையில் பொருத்திய குழாயே முகப்பு விளக்கின் அருகிலோ முன்வலைக்குப் பின்னாலோ வாய் வைத்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. மாற்றுக் குழாயால் மேலும் 5 பாகை குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், அடர்த்தியில் கிடைக்கும் ஆதாயம் 2 விழுக்காட்டை எட்டாது. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதுதான் பயன்படும்; மற்ற நேரங்களில், மிதிக்கும் அளவுக்கேற்பக் காற்றுவழியைத் திறக்கும் த்ராட்டில் தகடே காற்றை மறித்து நிற்கிறது. கூடுதலாகக் கேட்கும் உறுமலோ, ஒலியடக்கும் அறையைக் கழற்றியதால் வருவது; வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது.

எஞ்சின் அறைக்குள்ளேயே திறந்த வடிகட்டியோடு நிற்கும் குட்டைக் குழாயும் சில இடங்களில் இதே பெயரில் விற்கிறது. 'புறக்காற்று' என்று பெயரிட்டால், அந்தப் பெயரில் அதை விற்பவர் முதலில் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

'உறிஞ்சி' என்பதும் பொருந்தவில்லை. பிஸ்டன் இறங்க, எஞ்சின் உருளைக்குள் (சிலிண்டருக்குள்) அழுத்தம் குறைய, வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. குழாய் வழிவிடுவதோடு சரி. பழந்தமிழில் 'கால்' என்பதற்குக் காற்று, வாய்க்கால் என்ற இரு பொருளும் உண்டு என்பதால் 'புறக்கால்' என்று வைக்க ஆசை எழுந்தது. படிப்பவர் பின்னங்கால் என்று கொள்வார் என அஞ்சி விட்டுவிட்டேன். ஏரியிலிருந்து நீர் தன் அழுத்தத்தாலேயே பாயும் மதகுக்கும், உள்ளே துளையுள்ள குழலுக்கும் நம்மிடம் உள்ள சொல் 'தூம்பு'. ஆகவே 'புறக்காற்றுத் தூம்பு' என்பதை முன்மொழிகிறேன். தூம்பின் வாய் தாழ்ந்தால் நீர் புகும் என்பது இங்கும் உண்மை: பம்பருக்குக் கீழே வாய் வைத்த குழாய் தேங்கிய நீரை உருளைக்குள் விட்டுவிட்டால், நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இப்படி வாங்கிய பின் பொருத்தும் உறுப்புகளைக் குறிக்கும் 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பதற்குப் 'பின்பொருத்து' போதும். பின்பொருத்துக் குழாயின் விட்டம் மாறினால், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட உணரியின் அளவீடு பிசகும் என்பதையும், எண்ணெய் தடவிய வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் உணரியின் சூட்டுக்கம்பியில் படியும் என்பதையும் சொல்விளக்கத்தில் சேர்க்கலாம். எஞ்சினில் வேறெதையும் மாற்றாத காருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), புகைபோக்கி, எஞ்சின் கணினியின் நிரல் ஆகியவற்றையும் மாற்றி, ஆலைக்குழாய் உண்மையிலேயே நெருக்கும் நிலை வந்தால் பொருத்தலாம்.

'குளிர்' என்ற சொல்லை நான் ஒதுக்கிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. டர்போ எஞ்சினில் அமுக்கப்பட்டுச் சூடேறிய காற்றை உண்மையிலேயே குளிர்விக்கும் 'இன்டர்கூலர்' இருக்கிறது. 'இடைக்குளிர்ப்பி' என்ற பெயருக்கு உரிமையுள்ளது அதுவே.