பட்ஜெட் ரொம்பக் கம்மி, பழைய லேப்டாப் வாங்க வேண்டும்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி:

வணக்கம். கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். புதிது வாங்க இப்போது வழியில்லை, அதனால் யூஸ்டுதான் என்று முடிவாகிவிட்டது. வேர்டு, எக்ஸல், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், வீடியோ வகுப்புகள், அப்புறம் பைத்தான் புரோகிராமிங் பழக வேண்டுமாம். கேம் எல்லாம் கிடையாது. படிப்பு முடியும் வரை தாக்குப்பிடித்தால் போதும். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் "ஐ7, 8 ஜிபி, புத்தம் புதுசு மாதிரி" என்றே போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை இரண்டு மடங்கு வித்தியாசம், ஏன் என்றே புரியவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? இதற்கு நடுவில் ஒரு நண்பர், பேசாமல் குறைந்த விலையில் புதிதாக வரும் செலரான் (இன்டெலின் மலிவு சிப்) லேப்டாப்பை வாங்கு, வாரண்டியாவது இருக்கும் என்கிறார்.

பதில் 1:

செலரானை விட்டுவிடுங்கள். அந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு சிப்பும் போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், பிற்பாடு எதையும் கூட்ட முடியாது. விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் தேடும். வாரண்டி இருந்து என்ன செய்ய, வேகமில்லாததற்கு வாரண்டியில் மருந்து கிடையாது.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் இன்டெல் சிப்பின் தலைமுறை. ஐ5, ஐ7 என்பது தனியாக ஒன்றும் சொல்லாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். ஐ7-5500யு என்றால் 5ஆம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை. கடைசியில் "யு" என்று முடிகிற ஐ5, ஐ7 சிப்கள் 7ஆம் தலைமுறை வரை எல்லாமே 2 கோர்தான் (கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது அதே "யு" வரிசை 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) ஆனது. ஆகவே பல வேலை ஒன்றாக ஓடும்போது பழைய ஐ7ஐ விட இந்த ஐ5 தெளிவாக முன்னால் நிற்கும். விற்பவர்கள் ஐ7 ஸ்டிக்கரைக் காட்டித்தான் விலை சொல்வார்கள், முழு மாடல் எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அடுத்ததைப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்து, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. அதனால்தான் 7ஆம் தலைமுறை வரை உள்ளவை மலிவாகக் கிடைக்கின்றன.

பிராண்டைவிட வரிசை முக்கியம். அலுவலகங்களுக்கென்று செய்த லெனோவோ திங்க்பேட் டி, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் வரிசைகளைத் தேடுங்கள். நிறுவனங்கள் சில வருடம் வைத்திருந்து மொத்தமாகக் கழிப்பதால் நிறையக் கிடைக்கும், மூடியின் கீல் (ஹிஞ்ச்) பலமாக இருக்கும், பிரித்து மாட்டும் கையேட்டை அந்தந்த நிறுவனமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும். ஒரே எச்சரிக்கை, மெலிதான மாடல்களில் ரேம் பற்ற வைத்திருக்கும். திங்க்பேட் டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட், அதே குடும்பத்து டி480எஸ்ஸில் ஒன்றுதான், மீதி போர்டில். வாங்குமுன் மாடல் பெயரைப் போட்டு இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் விண்டோஸ் இல்லாமல் முடியாது என்று யார் சொன்னது? 4ஆம், 5ஆம் தலைமுறை மெஷின் பாதி விலைக்கு வரும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் ஏற்றினால் நன்றாக ஓடும். மின்ட்டுக்கு 4 ஜிபி ரேமே போதும் என்கிறார்கள், 8 இருந்தால் தாராளம். பைத்தான் பழகுவதற்கு லினக்ஸைவிட வசதியான இடம் இல்லை. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. மீதிக் காசில் நல்ல ஹெட்செட் வாங்கலாம்.

பதில் 3:

லினக்ஸ் பிடிக்கும், நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் கல்லூரிக்கு என்றால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். எக்ஸல் மேக்ரோ வைத்த ஃபைல், விண்டோஸில் மட்டும் ஓடும் தேர்வு மென்பொருள் இப்படி ஏதாவது கட்டாயம் என்றால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். முதலில் கல்லூரியில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பதில் 2 சொல்வது மிக நல்ல வழி.

நான் சொல்ல வந்தது வேறு. யூஸ்டு லேப்டாப்பில் பெரிய நஷ்டம் வேகத்தில் வராது, பூட்டில் வரும். அலுவலகத்திலிருந்து வந்த மெஷின் என்றால் மூன்று பூட்டு இருக்கலாம். ஒன்று பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு: ஆன் செய்யும்போதே எஃப்1, எஃப்2, எஃப்10 எதுவோ அதை அழுத்தி உள்ளே போய், ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றி சேவ் செய்து பாருங்கள். வெறுமனே திறந்து பார்த்தால் போதாது, பார்க்க விட்டு மாற்ற விடாத பாஸ்வேர்டும் உண்டு. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டை மாற்றுவதுதான் லெனோவோ சொல்லும் வழி, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் அது போகாது. இரண்டாவது, அதே பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் ஆப்ஸல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்று இருக்கும், திருட்டைக் கண்டுபிடிக்கும் வசதி, அது இயக்கத்தில் இருந்தால் பழைய நிறுவனம் எடுத்துவிட்டதா என்று கேளுங்கள். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: விண்டோஸை ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, முதல் செட்டப்பை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால் அது ஆட்டோபைலட்டில் (நிறுவனங்கள் தங்கள் மெஷின்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) பதிவாகியிருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை புதிதாக ஏற்றினாலும் திரும்பத் திரும்ப வரும். மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக் என்று இதே கதை.

கேட்டவர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கல்லூரியில் விசாரித்தேன், விண்டோஸ் வேண்டுமாம். இப்போது ஒரே விலையில் இரண்டு இருக்கிறது. ஒன்று 15.6 இன்ச், ஐ7-5500யு, 8 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், பார்க்க அவ்வளவு பளபளப்பு. இன்னொன்று டி480, ஐ5-8250யு, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி. மூடியெல்லாம் கீறல், கீபோர்டில் சில எழுத்து அழிந்திருக்கிறது, பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது என்று விற்பவரே சொல்கிறார். தங்கை முதலாவதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பதில் 1:

டி480. யோசிக்கவே வேண்டாம். முதலாவதில் விண்டோஸ் 11க்கு முறையான வழி கிடையாது, ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட இன்னும் செலவு, அந்த ரேம் டிடிஆர்3எல் என்ற பழைய வகை, நாளைக்கு வேறு மெஷினுக்கு மாறினால் கூட எடுத்துப்போக முடியாது. டி480இல் கீறலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், கீபோர்டு தனியாகக் கிடைக்கும்.

பேட்டரி குறையை விற்பவரே சொன்னது நல்லதுதான், விலை பேசப் பயன்படும். டி480க்கு இரண்டு பேட்டரி: உள்ளே 24 வாட்-அவர் ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டும் ஒன்று. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டும் தனித்தனியாக வரும். டிசைன் கெபாசிட்டி 24,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 12,000 என்றும் இருந்தால் பாதி உயிர் போய்விட்டது என்று கணக்கு. பின்பக்கத்தது மட்டும் செத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம்.

பார்க்கப் போகும்போது திரையில் முழு வெள்ளை, முழுக் கருப்பு இரண்டும் போட்டுப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். 1366க்கு 768 திரை போட்ட டி480உம் சந்தையில் சுற்றுகிறது, 1920க்கு 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) ஆக இருக்கட்டும், வருடக்கணக்கில் கண்ணு முன்னால் இருக்கப்போவது அதுதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோய் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இரண்டு யுஎஸ்பி சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகி, லேசாக அசைத்து, சார்ஜ் விட்டுப்போகிறதா பாருங்கள். அந்த போர்ட் மதர்போர்டில் பற்ற வைத்தது, போனால் வேலை பெரிது. வாங்கியதும் தண்டர்போல்ட் (அந்த இரண்டில் வேகமான யுஎஸ்பி சி போர்ட்) ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, அப்டேட் செய்துவிடுங்கள், பழைய ஃபர்ம்வேரில் அந்த போர்ட் நாளடைவில் பழுதாகும் சிக்கல் இருந்ததால் லெனோவோவே புதியதை வெளியிட்டது.

கேட்டவர்:

சரி, டி480தான். இன்றைக்கே பார்த்துவிடுகிறேன். வாங்கிய பிறகு என்னென்ன செய்ய வேண்டும்? பிரித்துச் சுத்தம் செய்வது கட்டாயமா, பயமாக இருக்கிறது.

பதில் 3:

முதல் வேலை, விற்பவர் போட்டுக் கொடுத்த விண்டோஸை நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக 8 ஜிபி பென் டிரைவில் இறக்கிப் புதிதாக ஏற்றுங்கள். ஒரிஜினல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்திருந்தால், அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) ஏற்றும்போது இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால் முன்பு இருந்தது என்ன மாதிரி ஆக்டிவேஷன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிரிப்பதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் தேவையா என்று முதலில் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சிப்பின் வெப்பநிலையைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரி என்றால் கவலையில்லை. ஒரு வீடியோ போட்டாலே 95ஐத் தொட்டு ஃபேன் கத்தினால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது அல்லது தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருக்கிறது. அப்போது கையேட்டை வைத்துக்கொண்டு, பயாஸில் உள் பேட்டரியை டிஸேபிள் செய்து, பின் பேட்டரியையும் கழற்றிவிட்டுத் திறங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு காற்று அடியுங்கள், விட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். தூசி படிவது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

இருக்கிற 8 ஜிபி ஒரே ரேம் ஸ்டிக்காக இருந்தால் இன்னொரு 8 போடுங்கள். இரண்டு சேனலிலும் (சிப்புக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) ரேம் இருந்தால் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கும் வேகம் கூடும். இதை இப்போதே செய்ய வேண்டியதில்லை, காசு வரும்போது போதும்.

பதில் 2:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: லெனோவோ வேன்டேஜ் என்ற அந்த நிறுவனத்தின் செயலியில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை முழு சார்ஜிலேயே கிடப்பதும் சூடும்தான், சார்ஜரைச் செருகியபடியே மெத்தையில் வைத்து வேலை செய்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ அடிமூடி புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது, அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்தி மாற்றுங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

கேட்டவர்:

பார்த்துவிட்டு வந்தேன். பயாஸ் திறக்கிறது, மாற்றி சேவ் ஆகிறது, ஆட்டோபைலட் எதுவும் வரவில்லை. திரை 1080. உள் பேட்டரி 70 சதவீதம், பின்னால் இருப்பதுதான் செத்திருக்கிறது. எஸ்எஸ்டி 91 காட்டுகிறது. ஆனால் ஆன் செய்தால் தேதி 2018 ஜனவரிக்குப் போய்விடுகிறது, பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மாட்டேன் என்கிறது. இது பெரிய பிரச்சினையா?

பதில் 1:

இல்லை. போர்டில் நேரம் காக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைக்கும், அவ்வளவுதான். டி480இல் அது வயரோடு கனெக்டரில் வரும், வெறும் நாணயத்தை வாங்கிவிடாமல் வயரோடு இருப்பதையே கேளுங்கள். இதையும் பின் பேட்டரியையும் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டு எடுத்துவிடுங்கள்.