கருவி விளக்கங்களை எழுதுவதில் உங்கள் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் நிரல் களஞ்சியத்தில் வேலை செய்யும் ஏஐ முகவருக்காக, 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையின்படி ஒரு சர்வரை அமைத்து வருகிறோம். அதிலுள்ள இரண்டு கருவிகளை, முகவரை இயக்கும் மாடல் அடிக்கடி மாற்றி அழைக்கிறது. ஒன்று, கோப்புகளுக்குள் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் தேடல் குறியீடு) கொண்டு தேடுவது. மற்றொன்று, ஒரு ஃபங்ஷன் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது என்று கண்டறிவது.

கருவியின் உள்ளே இருக்கும் நிரலை மாடல் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், உள்ளீட்டின் ஜேசன் ஸ்கீமா (உள்ளீடு எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்ற வரையறை) ஆகியவற்றைக் கொண்டே முடிவெடுக்கிறது என்பதால், "கோடில் தேடும்" என்ற ஒற்றை வரி நிச்சயம் போதாது. ஆகவே எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, எதுவும் கிடைக்காதபோது என்ன திரும்பி வரும் என்பவற்றையும் சேர்த்து எழுதினோம். கோப்புக்கு முழுப் பாதையையே தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது நல்ல பலன் தந்தது. நிரல் சிக்கல்களைத் தீர்க்கும் திறனைச் சோதிக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வுக்கான பணியில் ஆந்த்ரோபிக் குழுவினரும் இதையே செய்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு கருவிகளின் குழப்பம் தீரவில்லை. விளக்கங்கள் முழுவதும் மாடலின் சூழலில் (ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய உரையின் அளவில்) இடம்பிடிப்பதால், அவற்றை இன்னும் நீட்டவும் தயக்கமாக இருக்கிறது.

"இதற்கு மற்ற கருவியைப் பயன்படுத்தவும்" என்ற குறிப்பை இரண்டு விளக்கங்களிலும் எழுதுவது நல்லதா, அல்லது இரண்டையும் ஒரே கருவியாக்கி, தேடலின் வகையை enum அளவுருவாக (குறிப்பிட்ட சில மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்பதாக) கேட்பது நல்லதா? மாதிரி அழைப்புகளை விளக்கத்திலேயே சேர்ப்பவர்கள், அதனால் தவறான அழைப்புகள் குறைந்தனவா என்பதை எப்படிச் சோதிக்கிறீர்கள்? உங்களிடம் நன்றாக வேலை செய்யும் விளக்கம் ஒன்றிருந்தால், அதன் முழு வாசகத்தையும் இங்கே பகிர்ந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.