லைன் கொடுப்பவர் நாம் படிப்பதைப் பார்க்கலாமா? கடலூர், புதுச்சேரி வாடிக்கையாளர் அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், பிரவுசிங் சென்டர் உரிமையாளர்:

கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பரீட்சை விண்ணப்பம் என்று காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெட் கனெக்‌ஷன் எங்கள் ஏரியா கேபிள்காரர் மூலம் ஒரு பெரிய நிறுவனத்துடையது.

கல்லூரி ரிசல்ட் பார்க்க ஒரு பெண் வந்திருந்தார். பழைய தளம், முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி கிடையாது, அதாவது பக்கம் மறைக்கப்படாமல் திறந்தபடியே வருகிறது. பக்கத்தின் அடியில் கடன் செயலி ஒன்றின் விளம்பரப் பட்டை எட்டிப் பார்த்தது. அரசுக் கல்லூரி தளத்தில் கடன் விளம்பரமா என்று சந்தேகம் வந்து, அதே பக்கத்தை என் போன் ஹாட்ஸ்பாட்டில் திறந்தேன். பட்டை இல்லை. மறுபடி கடை லைனுக்கு மாறினால் பட்டை வந்து நிற்கிறது. ரைட் கிளிக் செய்து பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். கடைசியில், கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரியிலிருந்து ஒரு வரி ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தோடு சேர்ந்து ஓடும் குட்டி நிரல், ஒட்டியிருந்தது. அந்த முகவரியின் வாலில் நீளமாக ஒரு எண். தளங்கள் பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்பான குக்கி எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தாலும் அதே எண். பக்கத்து கம்ப்யூட்டரிலும் அதே எண். கடையில் எந்த மெஷினில் பார்த்தாலும் அதுதான். ஆக அது கம்ப்யூட்டருக்கு வைத்த அடையாளம் இல்லை, என் கனெக்‌ஷனுக்கு வைத்த அடையாளம்.

கேபிள்காரரிடம் கேட்டேன். "அது மேலேருந்து வருதுண்ணே, நம்ம கையில இல்ல" என்றார். கஸ்டமர் கேரில், "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும் சார், ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார்கள். எல்லா மெஷினிலும் ஒரே வைரஸ், ஹாட்ஸ்பாட் போட்டால் மட்டும் ஓடிப்போகும் வைரஸா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புகார் எண் வாங்கிக்கொண்டேன். "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது, பட்டை அப்படியே இருந்தது. பிறகு மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு லைனிலும் திறந்த பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அந்த ஸ்கிரிப்ட் வரியையும் சேர்த்து அனுப்பினேன். கொஞ்ச நாளில் பட்டை நின்றுவிட்டது. அந்த எண் எதற்கு, யாரிடம் போனது என்று மட்டும் இன்றுவரை எழுத்தில் வரவில்லை.

எனக்குக் கோபம் விளம்பரத்தின் மேல் இல்லை. இந்தக் கடையில் உட்கார்ந்து சர்க்கரை மாத்திரை விலை பார்க்கிறார்கள், ஜீவனாம்ச வழக்குக்கு மாதிரி மனு தேடுகிறார்கள், வெளிநாட்டு வேலை ஏஜென்ட் உண்மையா என்று பார்க்கிறார்கள். என்னை நம்பி வந்து உட்காருகிறவர்கள். அவர்கள் பார்ப்பதை லைன் கொடுப்பவர் குறித்து வைத்து விற்க நான் சம்மதிக்கவில்லை, அவர்களும் சம்மதிக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

லாஸ்பேட்டை, நெட்வொர்க் வேலையில் இருப்பவர்:

அண்ணே, அந்த "வைரஸ்" பதிலைப் படித்ததும் எனக்கு 2007 ஞாபகம் வந்தது. பிரிட்டனில் பிடி (BT) என்ற தொலைபேசி, இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லாமலே, அவர்கள் பார்க்கும் பக்கங்களைப் படித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டும் ஃபார்ம் என்ற நிறுவனத்தின் கருவியைத் தன் நெட்வொர்க்கில் வைத்துச் சோதித்தது. 2006இல் ஏறத்தாழ 18,000 பேரின் இணைப்பில், மறு வருடம் இன்னும் அதிகமானவர்களின் இணைப்பில். பிரவுசர் தெரியாத முகவரி ஒன்றுக்குப் போவதைச் சிலர் கண்டுபிடித்துக் கேட்டார்கள். அவர்களுக்கும் கிடைத்த பதில், உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்பதுதான்.

2008 பிப்ரவரியில் பிடி, விர்ஜின் மீடியா, டாக்டாக் மூன்றும் இந்தத் திட்டத்தில் சேரப் போவதாக அறிவிப்பு வந்ததும் வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பிரதமர் அலுவலகத் தளத்தில் போட்ட மனுவில் 20,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பிடியின் பங்குதாரர் கூட்டம் நடந்த இடத்துக்கு வெளியே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, தன் இணைய நிறுவனம் இப்படிச் செய்தால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவேன் என்றே சொன்னார். 2009இல் அமேசானும் விக்கிப்பீடியாவும் தங்கள் பக்கங்களை ஃபார்ம் படிக்கக் கூடாது என்று விலகிக்கொண்டன. அந்த ஜூலையில் பிடி பின்வாங்கியது. பிரிட்டனில் இதைத் தடுக்கும் சட்டம் சரியாக இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2011இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. ஆனால் ரகசியச் சோதனைக்காக யார் மேலும் வழக்குப் போடவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

நீங்கள் பார்த்த அந்த நீள எண்ணுக்கும் முன்கதை உண்டு. அமெரிக்காவில் வெரைசன், மொபைல் வாடிக்கையாளர்கள் திறக்கும் பக்கக் கோரிக்கைகளில் ஓர் அடையாள எண்ணைச் செருகி வந்தது. குக்கியை அழித்தாலும் அது போகாது. 2016இல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 13.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இங்கேயும் 2015இல், ஏர்டெல் 3ஜி வழியாகத் திறந்த பக்கங்களில் வேறொரு ஸ்கிரிப்ட் ஒட்டியிருப்பதை பெங்களூரு நிரலாளர் ஒருவர் கண்டு வெளியிட்டார். அந்த ஸ்கிரிப்டைத் தயாரித்த இஸ்ரேல் நிறுவனம் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. டேட்டா எவ்வளவு செலவானது என்று வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் அது என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. எதற்காக இருந்தாலும், நான் கேட்ட பக்கத்துக்குள் என்னைக் கேட்காமல் இன்னொருவர் எழுதக் கூடாது.

கோரிமேடு, செவிலியர்:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி. டாக்டர் பயாப்சி எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி தூங்க முடியாமல் வீட்டு நெட்டில் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து என் போன், தம்பியின் லேப்டாப், எதைத் திறந்தாலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரமும் காப்பீட்டு விளம்பரமும். அம்மாவிடம் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அம்மா யூடியூபில் கோலம் பார்க்கிறவர். அதிலும் அந்த விளம்பரம் வந்து, "என்னடி இது, எனக்கு ஏன் இதெல்லாம் வருது?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். ரிசல்ட் நல்லபடியாக வந்தது, அது வேறு. இது லைன் கொடுப்பவர் வேலையா, வேறு யாருடையதா?

லாஸ்பேட்டை:

அக்கா, இதில் லைன் நிறுவனத்தின் மேல் நான் பழி போட மாட்டேன். ஒரே வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாரும் வெளியே ஒரே ஐபி முகவரியில்தான் தெரிவார்கள். தேடுபொறியும், நீங்கள் படித்த மருத்துவப் பக்கங்களில் ஒளிந்திருந்து பின்தொடரும் விளம்பர நிறுவனங்களின் குறிகளுமே உங்களை அம்மாவோடு சேர்த்து முடிச்சுப் போடப் போதும். இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டுக்குறியோடு வருவதால், நீங்கள் படித்த வரிகள் லைன் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கோரிக்கை வழக்கமாக அவர்கள் சர்வருக்கே போகிறது, இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரும் பெரும்பாலும் மறைக்கப்படாமல்தான் போகிறது. நள்ளிரவில் புற்றுநோய் மருத்துவமனைத் தளம் ஒன்றைத் திறந்தீர்கள் என்று தெரிந்தாலே போதாதா? உள்ளே என்ன படித்தீர்கள் என்று வேறு தெரிய வேண்டுமா?

ஒரு தளம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், செயலியை நீக்கிவிடலாம். லைன் அப்படி இல்லை. மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறோம், வீட்டில் எல்லாரும் பார்ப்பதெல்லாம் அது வழியாகத்தான் போகிறது, ஏரியாவில் இரண்டு பேர்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை விடக் கூடாது என்கிறேன்.

அரியாங்குப்பம், இல்லத்தரசி:

புது கனெக்‌ஷன் கொடுக்க ஒரு பையன் வந்தான். ரூட்டரை மாட்டிவிட்டு, "அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றான். மெசேஜைத் திறந்தேன். ஓடிபி எண்ணுக்கு முன்னால் ஒரு வரி: இதைப் பகிர்வதன் மூலம் விதிமுறைகளுக்கும் தனியுரிமைக் கொள்கைக்கும் சம்மதிக்கிறீர்கள். "எங்கப்பா அந்தக் கொள்கை, காட்டு" என்றேன். அவன் தன் டேப்பில் தேடி எடுத்தான். முழுக்க ஆங்கிலம். என் மகள் வாசித்துச் சொன்னாள். பயன்பாட்டு விவரங்களை "கூட்டாளி நிறுவனங்களுடன்" விளம்பரத்துக்காகப் பகிரலாம் என்று நடுவில் இருந்தது. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. நான் போடவில்லை, யார் போட்டது என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் வரும் அக்கா, யாரும் கேட்க மாட்டாங்க."

அந்த டிக்கை எடுத்தால்தான் ஓடிபி சொல்வேன் என்றேன். பாவம் பையன், வெயிலில் வாசலில் நின்றபடி ஆபீசுக்குப் போன் போட்டான். மோர் கொடுத்து உட்கார வைத்தேன். அங்கிருந்து ஏதோ சொல்ல, கடைசியில் டிக்கை எடுத்தான். கனெக்‌ஷன் அதே விலைக்கு அதே வேகத்தில் வந்தது. அப்படியென்றால் அந்த டிக் இல்லாமலே லைன் கொடுக்க முடியும்தானே? பிறகு எதற்கு அதை முன்கூட்டியே போட்டு வைக்கிறார்கள்?

முத்தியால்பேட்டை, பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

அம்மா, நீங்கள் செய்தது மிகச் சரி. பாரிஸ் பக்கம் பல வருடம் இருந்தவன் நான். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமே ஆகாது. அங்கே க்னில் என்ற தரவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. சம்மதிப்பதற்கு ஒரு பொத்தான், மறுப்பதற்குப் பல படிகள் என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. எனக்கு லைன் கொடுத்த ஆரஞ்ச் நிறுவனத்தையும் விடவில்லை. தன் மின்னஞ்சல் சேவையில் கடிதங்களுக்கு நடுவே கடிதம் போலவே விளம்பரம் வைத்ததற்கு 2024 டிசம்பரில் 5 கோடி யூரோ.

நம் ஊரிலும் இப்போது பிடிமானம் இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் சட்டத்தில் இருப்பதைப் பாருங்கள்: சம்மதம் எந்த நோக்கத்துக்கு என்று குறிப்பிட்டு, நிபந்தனையில்லாமல், தெளிவாக வாங்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் கேட்டு வாங்கலாம், அதாவது தமிழில் கேட்கலாம். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் தடை.

தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவர்:

நான் போன் செட்டிங்ஸில், டிஎன்எஸ் கோரிக்கையை மறைத்து அனுப்பும் பிரைவேட் டிஎன்எஸ் போட்டு வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 9இலிருந்து அது இருக்கிறது. வீட்டில் எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்தேன். இது போதுமா?

லாஸ்பேட்டை:

நல்லது தம்பி, போட்டு வை. ஆனால் தளத்தின் பெயர் இணைப்புத் தொடக்கத்தில் தெரிவதை அது மறைக்காது. டிஎன்எஸ் விவரமும் லைன் நிறுவனத்துக்குப் பதில் வேறொரு நிறுவனத்துக்குப் போகும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டாலும் நம்பிக்கையை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். உன் வீட்டுக்கு நீ பூட்டுப் போட்டுவிடுவாய். உன் தெருவில் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காகத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

திருப்பாப்புலியூர், கேபிள் ஆபரேட்டர்:

எல்லாரும் கேபிள்காரரைச் சொல்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். லைன் இழுப்பது, அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் செய்வது, பணம் வசூலிப்பது எங்கள் வேலை. உங்கள் பக்கத்தில் என்ன ஒட்டுகிறது என்பது நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் நடக்கிறது, எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. ஆனால் "மேலேருந்து வருது" என்று சொல்லி நாங்கள் ஒதுங்குவதும் சரியில்லை. தானே புயலில் கம்பமெல்லாம் சாய்ந்தபோது வீடு வீடாகப் போய் லைன் கொடுத்தவர்கள் நாங்கள். ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கனெக்‌ஷன் வாங்குகிறார்கள். வேலைக்குக் கம்பத்தில் ஏறினால் பத்து வீட்டு மாடி தெரியும், யார் வீட்டையும் பார்க்காமல் இறங்கத்தான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள்.

என் ஏரியாவில் இந்த மாதிரி பட்டை வந்தபோது சில வாடிக்கையாளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். நானே ஏரியா மேனேஜரிடம் கொண்டுபோனேன். போனில் நூறு முறை சொன்னால் நகராத விஷயம், பேப்பரில் கையெழுத்தோடு போனதும் நகர்ந்தது. தனி ஆளாக எழுதுவதைவிடத் தெருவாகச் சேர்ந்து எழுதினால் எனக்கும் பேசப் பலம். எங்கள் இணைப்பில் எந்தத் தளம் பார்க்கிறோம் என்பதைச் சேமிக்கிறீர்களா, எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள், விளம்பரத்துக்காக யாருக்குக் கொடுக்கிறீர்கள், நாங்கள் கொடுத்ததாகச் சொல்லும் சம்மதத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு விஷயம் மறக்காதீர்கள்: பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரே கையெழுத்துப் போட வேண்டும், கீழே கஸ்டமர் ஐடி இருக்க வேண்டும். அது இல்லை என்று சொல்லித்தான் எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு கடிதங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தின் நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். என் ஏரியா வாடிக்கையாளர்கள் கடையில் கொடுத்தால் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.